மையில்லாமல் எழுதும் பெட்டி

மெழுகு உருகத் தொடங்கிவிட்டால் மூத்தவளுக்கு இவ்வுலகத்து நினைவே இராது. பாத்திரத்தில் வெண்கட்டிகள் ஓரம் கரைந்து, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, தெளிந்த நீராவதைப் பார்த்தபடியே எங்கோ போய்விடுவாள். போன இடத்திலிருந்து ஒரு பெயரோடு திரும்புவாள். "மழைக்குப் பின்", "மதிய உறக்கம்", "திறந்த சன்னல்" என்று அவளுடைய வாசனை மெழுகுவர்த்திகளுக்குப் பெயர் அமைந்ததெல்லாம் இப்படித்தான்.

அப்பெயர்களைக் கையால் எழுதிக் கண்ணாடிக் குப்பிகளில் ஒட்டிவந்தாள். "உங்க எழுத்தைப் படிக்க மருந்துக்கடைக்காரரைத்தான் கூப்பிடணும்" என்று சொல்லி, ஒரு லேபிள் பிரிண்டரை வாங்கிவந்து மேசைமேல் வைத்தவள் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. அண்ணன் தம்பி இருவருக்கும் கப்பலில் வேலையாதலால், அவ்வீட்டில் பெண்கள் இருவரே இருந்தனர். இளையவளுக்கு வெளியூரில் ஒரு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை போய்ச் சேரவேண்டும். அன்று மாலை வரவிருந்த பரிசுக்கடை அம்மாள் மாதந்தோறும் மெழுகுவர்த்தி வாங்கச் சம்மதித்தால், இருவருக்கும் வீட்டிலேயே வேலையிருக்கும். இல்லையேல் அவள் போய்விடுவாள். போகாதே என்னும் சொல் மூத்தவளின் தொண்டைவரை வருவதும் திரும்புவதுமாக இருந்தது.

"இதுக்கு மை எங்கடி ஊத்தணும்?"

"மையே கிடையாதுக்கா. சூட்டாலயே எழுதும். லேபிள்ல ஒரு பூச்சு இருக்கு, சூடு பட்ட இடம் கறுத்துடும்."

"அப்ப இது நம்ம ஆளு" என்றாள் மூத்தவள்.

நம்ம ஆள் முதலில் முரண்டு பிடித்தது. சுருளை உள்ளே வைத்து மூடியை அழுத்தினார்கள். ஓர் எழுத்துமின்றி வெறுந்தாள் நீண்டு வந்தது. இளையவள் லேபிளை நகத்தால் கீறிப் பார்த்தாள். கீறிய இடத்தில் கருங்கோடு விழுந்தது. "இந்தப் பக்கம்தான் மேல வரணும். தலைகீழா வச்சுட்டோம்" என்று சுருளைத் திருப்பினாள். பிறகு பொத்தானை அழுத்திப் பிடித்திருக்க, பெட்டி சில லேபிள்களைத் தள்ளி, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள இடைவெளியைத் தானே தடவி அறிந்துகொண்டு நின்றது. இருட்டறைக்குள் நுழைந்தவர் சுவரைத் தடவி வழி அறிவதைப்போல் இருந்தது மூத்தவளுக்கு.

அடுத்து வந்தது, "திறந்த சன்னல்". எழுத்து இளஞ்சூடாக இருந்தது. அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கண்களை மூடினாள்.

"அக்கா, முழிச்சுக்கங்க. இங்க பாருங்க, ஒவ்வொரு பேரையும் வெள்ளைக்கோடு ஒண்ணு பிளந்துட்டுப் போகுது."

மூடியைத் திறந்தார்கள். எழுதும் முனையில் மெழுகுத் துணுக்கு அப்பியிருந்தது.

"சுருளைத் தொட்டது யாரு?"

"நான்தான். அதுக்கென்ன?"

"உங்க விரல்ல மெழுகுவர்த்தி ஏத்தலாம்! கையைக் கழுவிட்டுத் தொடுங்களேன்."

இளையவள் மின்சாரத்தை நிறுத்தி, முனை ஆறும்வரை பொறுத்திருந்து, ஸ்பிரிட்டில் நனைத்த மெல்லிய துணியால் ஒரே திசையில் துடைத்தாள். கோடு மறைந்தது. வேண்டிய லேபிள்களை அச்சடித்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

அப்போதுதான் மெழுகு ஊற்றிய குப்பிகள் வரிசையாக நின்றன. அறை முழுவதும் மழைவாசனை. மூத்தவள் ஒவ்வொரு பெயராகச் சுருக்கமின்றி நீவி ஒட்டிக்கொண்டே போனாள். கடைசிக் குப்பியை ஒட்டி நிமிர்ந்தபோது, முதற்குப்பியின் லேபிளில் மேகம் கவிந்திருந்தது. வெண்மை சாம்பலாயிற்று, சாம்பல் கறுத்தது. பெயர்கள் ஒவ்வொன்றாக இருளுக்குள் இறங்கின. கனவு காண்கிறோமென்று எண்ணி, அவள் வெகுநேரம் ரசித்தே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ அக்கா! சூட்டோடயா ஒட்டினீங்க?" என்று இளையவள் ஈரத்தலையோடு ஓடிவந்தபோது, வாசலில் அழைப்புமணி அடித்தது.

பரிசுக்கடை அம்மாள் ஒரு குப்பியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேரைக் காணோமே?"

"மிஷின் புதுசுங்க, எனக்குச் சரியா..." என்று இளையவள் தொடங்கினாள்.

"அவளை ஒண்ணும் சொல்லாதீங்க. அவ ஒழுங்காத்தான் அடிச்சா. ஆறுறதுக்குள்ள ஒட்டினது நான்."

"சரி, ஆறினப்புறம் ஒட்டுறீங்கன்னே வச்சுக்குவோம். வாங்குறவங்க ஏத்தத்தானே போறாங்க? ஏத்தினா குப்பி சுடாதா?"

இது ஓரகத்திகள் இருவருக்குமே தோன்றியிருக்கவில்லை. மூத்தவள் உருகும் மெழுகைப் பார்ப்பதைப்போல் அக்குப்பியையே உற்றுப் பார்த்தாள். மனத்துக்குள் திரியை ஏற்றினாள். ஏற்றுமுன் கை எதைச் செய்தது? குப்பியின் மூடியைக் கழற்றி அப்பால் வைத்தது.

"மூடி சுடாதுங்க" என்றாள் மெதுவாக. "பேரை மூடிமேல ஒட்டிட்டா?"

இளையவள் அதற்குள் கணினிமுன் உட்கார்ந்துவிட்டாள். எழுத்தை மூடியின் அளவுக்குச் சுருக்கினாள். முதலில் "மழைக்" என்பதோடு நின்றது. மறுமுறை முழுப்பெயரும் வந்தது; அதைக் குப்பியின் மூடிமேல் ஒட்டி நீட்டினாள். அம்மாள் மூடியைத் திறந்து முகர்ந்தார். சற்றுநேரம் அவரும் எங்கோ போய்வந்தார்.

"மாசாமாசம் புதுப்புதுப் பேரா அனுப்புங்க. ஆனா இந்தப் பெட்டியைப் பாத்துக்க ஆளு இருக்கா?"

மூத்தவள் வாய்திறந்தாள். தொண்டையிலிருந்த சொல் அப்போதும் வரவில்லை. "அதை அவளைத்தான் கேக்கணும்" என்றாள். இளையவள் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "நாளைக்குச் சொல்லுங்க" என்று அம்மாள் விடைபெற்றார்.

வாசல்வரை சென்று திரும்பிய மூத்தவள் கூடத்தில் அப்படியே நின்றாள். இளையவள் மாடியிலிருந்து தன் பயணப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவந்தாள். அடுக்கிவைத்திருந்த புடைவைகளை அள்ளி நாற்காலியில் போட்டாள். மீதியிருந்த லேபிள் சுருள்களையெல்லாம் உள்ளே அடுக்கி, மூடி, மாடிப்படியின் அடியில் வெளிச்சம் படாத மூலைக்குத் தள்ளினாள்.

"மெழுகு அறையில வச்சா எல்லாம் கறுத்துடும்க்கா. சுருளுக்குச் சூடும் ஆகாது, வெயிலும் ஆகாது."

"அது சரிடி. உன் துணியெல்லாம்?"

"உங்க பீரோவுல பாதியைக் காலி பண்ணிக் குடுங்க" என்றாள் இளையவள்.