நானூற்றுத் தொண்ணூற்றெட்டுப் படிகள்

போலோன்யா பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்கள் பட்டம் வாங்கும்வரை அசினெல்லி கோபுரத்தில் ஏற மாட்டார்கள். ஏறினால் பட்டம் கிடைக்காது என்பது ஊர் நம்பிக்கை. ஃபியோரென்சா அதைக் கேலி செய்துகொண்டே ஒன்பது வருடம் ஏறாமல் இருந்தாள். ஆம்புலன்ஸில் வேலை, மிச்ச நேரத்தில் வரலாற்றுப் படிப்பு. நாளைக் காலை பேராசிரியர்கள் முன்னால் ஆய்வேட்டைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டால் முடிந்தது.

இன்று பிற்பகல், கோபுரத்தின் உச்சியில் ஒருவர் மயங்கிவிட்டதாக அழைப்பு வந்தது.

வண்டி ஓட்டுகிற இவோவை ஏறச் சொல்லிக் கெஞ்சினாள். அவர் தொப்பையைத் தட்டிக் காட்டினார்.

“நான் ஏறினா மேல நோயாளி ரெண்டு பேராயிடும். பட்டத்த அடுத்த வருஷம்கூட வாங்கிக்கலாம். அந்த ஆளு அதுவரைக்கும் தாங்க மாட்டான்.”

வாசலில் சற்று நின்றாள். பிறகு பையை மாட்டிக்கொண்டு ஏறினாள்.

உள்ளே கோபுரம் வெறும் கூடு. சுவரை ஒட்டி மரப்படிகள் சுற்றிச் சுற்றிப் போயின. கால்பட்டுக் கால்பட்டு ஒவ்வொரு படியும் நடுவில் குழிந்திருந்தது. முந்நூறு படி தாண்டியதும் நாளையைப் பற்றிய நினைப்பு நின்றுவிட்டது. மூச்சு மட்டும் மிஞ்சியது.

மயங்கியவர் பக்கத்து ஊரான ஃபெராராவிலிருந்து வந்த ஒலிந்தோ என்ற கிழவர். வெயிலும் வெறும் வயிறும்தான் காரணம். தண்ணீர் குடித்ததும் முகம் தெளிந்து வெட்கப்பட்டார். தீயணைப்புக்காரர்கள் வந்து இறக்கும்வரை அசையாமல் இருக்கச் சொல்லிவிட்டு, அவள் தரையைப் பார்த்தபடி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ரேடியோவில் இவோவின் குரல் வந்தது. “வெளிய பாக்காம இறங்கிடு. பாக்கலன்னா ஏறின கணக்கே கிடையாது. நான் சாட்சி சொல்றேன்.”

அவள் எழுந்து திரும்பினாள்.

ஊர் முழுதும் செந்நிறக் கூரைகளாகக் கிடந்தது. தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்துப் பழகிய பக்கத்துக் கோபுரத்தின் உச்சந்தலை வெகு கீழே இருந்தது. தெற்கே மலைகள். வடகிழக்கே, அவள் தினமும் வகுப்புக்குப் போன தெருவின் மேல் கோபுரத்தின் நிழல் நீளமாகப் படுத்திருந்தது. ஒன்பது வருடமும் இந்த நிழலுக்குள்தான் நடந்திருக்கிறாள். தொள்ளாயிரம் வருடத்துக்கு முன்னால் யாரோ செங்கல் செங்கலாக இவ்வளவு உயரம் அடுக்கியிருக்கிறார்கள். கடைசிக் கல்லை வைத்தவன் என்ன பேசியிருப்பான்? ஒன்றும் பேசியிருக்க மாட்டான்.

“பாக்கலல்ல?” என்றார் இவோ.

“பாத்துட்டேன்.”

ரேடியோ கரகரத்தது.

“அப்போ நாளைக்கு?”

அவள் ரேடியோவை இடுப்பில் மாட்டிக்கொண்டு மறுபடி கூரைகளைப் பார்த்தாள். படிகளில் தீயணைப்புக்காரர்களின் பூட்ஸ் சத்தம் கேட்கும்வரை அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.