முன்னால் மஞ்சள், பின்னால் கறுப்பு

அல்வராதோ மாதா கோயில் படியில் கை வைத்துச் சொல்கிறேன்: இனி வருவதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

மீன்பிடிக்கப் போன ஃபிதென்சியோவைக் கடல் கொண்டுபோய் இரண்டு மாதமாகியிருந்தது. அவன் மனைவி ஹெர்மெலிந்தா வருடம் முழுக்கக் கறுப்பில் இருக்கவேண்டும். கழற்றினால் அன்றைக்கே வெளியே போய்விடவேண்டும் என்று அவன் அக்கா தோமாசா சொல்லிவிட்டாள். வீடு தோமாசாவுடையது. ஹெர்மெலிந்தாவுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

அவள் பிழைப்போ எஃகுச் சட்டி விற்பது. அக்கம்பக்கத்துப் பெண்களை வீட்டுக்குக் கூப்பிட்டு, கண்ணெதிரே சமைத்துக் காட்டி, சட்டியை அவர்கள் தலையில் கட்டவேண்டும். கம்பெனியிலிருந்து எல்விரா வந்து பார்த்துவிட்டு முகம் சுளித்தாள்.

"இப்படிக் காக்கா மாதிரி நின்னா எவடி வாங்குவா? சாவு வீட்டுச் சாப்பாடுன்னுல்ல நினைப்பா! சனிக்கிழமை பளிச்சுன்னு நில்லு. இல்லேன்னா சட்டியெல்லாம் மூட்டை கட்டிக் குடுத்துடு."

ஹெர்மெலிந்தா இருந்த துணியையெல்லாம் கட்டிலில் பரப்பினாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"மதினி, ஒருநாள் மட்டும் ஊதா போட்டுக்கவா? அதுவும் துக்கத்துக்கு ஆகும்கிறாங்களே."

"ஊதாவா? என் தம்பி என்ன, பாதிதான் செத்தானா?"

கடைசியில் கறுப்புக் கவுனுக்கு மேல், கணுக்கால்வரை இறங்கும் மஞ்சள் ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள். சனிக்கிழமை வந்தவர்களுக்குத் தன் எதிரே நாற்காலி. தோமாசாவுக்கு மட்டும் தன் முதுகுக்குப் பின்னால், தண்ணீர் வாளி அருகே. திரும்பாமல் சமைத்துவிட்டால் கூரை தப்பும்.

பின்னாலிருந்த அலமாரியில் உப்பெடுக்க நண்டுபோலப் பக்கவாட்டில் நகர்ந்து, கையை மட்டும் பின்னால் விட்டுத் துழாவினாள்.

"ஏண்டி, இடுப்பு பிடிச்சுக்கிச்சா, இல்ல புது டான்ஸா?" என்று ஒருத்தி கேட்க, கூடம் சிரித்தது.

கணவாய்மீன் துண்டுகளை எண்ணெயில் போட்டதும் தீ எழும்பி ஏப்ரனைப் பிடித்தது. தண்ணீர் தோமாசாவின் காலடியில். ஹெர்மெலிந்தா திரும்பவில்லை. சிரித்த முகத்தோடு, "மூடியைப் பாருங்க, என்ன கனம்!" என்று சொல்லி, அடுப்போரம் தீயாய்ச் சுட்டுக்கொண்டிருந்த அந்த மூடியையே வெறுங்கையால் எடுத்து வயிற்றோடு சேர்த்து அழுத்தினாள். தீ மெதுவாகத்தான் அடங்கியது. மூடியை எடுத்தபோது உள்ளங்கைத் தோலும் அதோடு போயிற்று. பெண்கள் கைதட்டினார்கள். இருந்த சட்டியெல்லாம் விற்றுப்போயின.

"என்னடி கருகுது?"

"வெங்காயம், மதினி."

"இந்தப் பக்கம் திரும்பு."

திரும்பினாள். நெஞ்சிலிருந்து முழங்கால்வரை ஏப்ரனில் மஞ்சள் என்று சொல்ல ஒரு நூல் மிச்சமில்லை. தோமாசா வெகுநேரம் தலையை ஆட்டினாள்.

"இதுதான்டி என் தம்பிக்கு ஏத்த துக்கம்."

வீடு தங்கியது. விரல்கள்தான் அப்புறம் மடங்கவேயில்லை.

யாரிடமும் காட்டிக்கொள்ளாவிட்டாலும், தோமாசாவுக்கு அதற்கு முந்தின வருடமே இரண்டு கண்ணும் தெரியாமல் போயிருந்தது.