ரெண்டெழுத்து மரியாதை

"சம்பந்தி, தப்பா எடுத்துக்கக் கூடாது. உங்க எடை எவ்வளவு?"

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் அந்த ஒற்றை அறையில் மின்விசிறி மட்டும் கிரீச்சிட்டுக்கொண்டிருந்தது. கேட்டவள் பெண்ணைக் கொடுத்தவள். கேட்கப்பட்டவள் பையனைப் பெற்றவள். அந்த உறவில் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கலாம். எவ்வளவு இருக்கிறது என்று விசாரித்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

"எதுக்குக் கேக்குறேன்னா, பின்னாடி உட்கார்றவங்க எடைக்குத் தகுந்த மாதிரி பின்சக்கர ஸ்பிரிங்க இறுக்கணும். மலையில ஒரு பள்ளத்துல இறங்கி ஏறுனா வண்டி அடி தட்டக் கூடாது பாருங்க."

"அறுபத்திரண்டு," என்றாள் பையனைப் பெற்றவள், கண் இமைக்காமல். அந்த ஒரு மூச்சில் ஏழு கிலோவை உதறிப் போட்டிருந்தாள்.

"அவ்வளவுதானா? பார்த்தா... நல்ல எடை, நல்ல எடை. நான் ஒரு அறுபத்தஞ்சு இருப்பேன்." பெண்ணைக் கொடுத்தவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளிடம் போனாள்.

ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள். "க்ளட்ச்! க்ளட்ச்!" என்று அவள் கத்துவது நான்கு தெரு தாண்டிக் கேட்கும் என்பதால் க்ளட்ச் அக்கா என்று பெயர் ஆகிவிட்டது. மற்றவளுக்குப் பெயர் ஹலோ அம்மா. பெரிய மருத்துவமனையின் டெலிபோன் அறையில் வேலை. வருகிற அழைப்புக்கெல்லாம் வணக்கம் சொல்லி, பொறுத்திருக்கச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, உரிய டாக்டரிடம் இணைத்துவிட வேண்டும். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. எத்தனையோ வருடங்களாக எல்லோரையும் அவரவர் போக வேண்டிய இடத்தில் சேர்த்துவிட்டு, அவள் மட்டும் அதே நாற்காலியில் இருந்தாள்.

பிள்ளைகளின் கல்யாணம் முடிந்து எல்லோரும் களைத்துச் சரிந்திருந்த ஒரு மத்தியானத்தில்தான் இது ஆரம்பித்தது. வருடத்துக்கு ஒருமுறை மோட்டார் சைக்கிளில் தனியாக மலைக்குப் போவதாக க்ளட்ச் அக்கா சொன்னாள். கல்லும் மண்ணுமான பாதை, குறுக்கே ஓடும் ஆறு, உச்சியில் ஒரு கணவாய், அதைத் தாண்டினால் பனி. அப்போது ஒரு குரல், "பின்னாடி இடம் இருக்கா?" என்று கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யார் கேட்டது என்று ஹலோ அம்மாவும் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. அது அவளுடைய குரல்.

வாபஸ் வாங்கியிருக்கலாம். சும்மா கேட்டேன் என்று சிரித்திருக்கலாம். அவள் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனம் நீள நீள, அந்தப் பின் இருக்கை தனக்கு வேண்டும் என்பது அவளுக்கே மெல்லப் புரிந்தது. பசியைப் போல வேண்டும்.

அதிலிருந்து பயிற்சிப் பள்ளியில் தினமும் சாயங்காலம் ஒரே அமர்க்களம். சாலை விதி சொல்லிக்கொடுப்பதற்காக மேஜை மேல் ஒரு பலகை இருந்தது, பொம்மைக் கார்களோடு. இரண்டு பேரும் கார்களை ஓரங்கட்டிவிட்டுத் துண்டுகளை மடித்து மலை கட்டினார்கள். நீல ரிப்பன் ஆறானது. டால்கம் பவுடர் பனியானது. ஒரு பொம்மை மோட்டார் சைக்கிளை ஹலோ அம்மா கையில் பிடித்துக்கொண்டு, வாயால் உறுமிக்கொண்டே, துண்டு மலையின் ஒவ்வொரு வளைவாக ஏற்றினாள். ஆற்றங்கரையில் நிறுத்தினாள்.

"சம்பந்தி, ஆத்துல தண்ணி எவ்வளவு ஆழம்?"

"காலையில கணுக்கால். சாயங்காலம் முழங்கால். வெயில்ல பனி உருகிடும்ல? அதனால விடியக்காலம் தாண்டிடணும்."

"அப்ப நான் இறங்கி நடக்கணுமா?"

"நீங்க நடப்பீங்க. நான் வண்டிய ஓட்டிட்டு வருவேன். ஷூவைக் கழட்டிக் கழுத்துல மாட்டிக்கணும்."

ஷூவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பனித்தண்ணீரில் நிற்கும் தன்னை நினைத்து ஹலோ அம்மாவுக்கு அடக்க முடியாத சிரிப்பு வந்தது. சிரித்த வேகத்தில் தும்மினாள். கணவாயில் இருந்த பனியெல்லாம் க்ளட்ச் அக்காவின் மூஞ்சியில் அப்பிக்கொண்டது.

மூட்டை கட்டும் பொறுப்பை மருந்துக்கடை வைத்திருந்த ஹலோ அம்மாவின் கணவர் எடுத்துக்கொண்டார். பக்கப் பெட்டி இரண்டில் எது எங்கே என்று அவர் வகுத்த பட்டியலில் இருமலுக்கு ஒரு பை, விக்கலுக்கு ஒரு பை இருந்தன. "துணி எங்கேங்க வைக்கிறது?" என்று கேட்டதற்கு, "போட்டுக்கிட்டுப் போ" என்றார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, முதல் வெள்ளோட்டம் வரைக்கும்.

பின்னால் உட்காருவது என்றால் சும்மா உட்காருவது இல்லை என்று க்ளட்ச் அக்கா முதலிலேயே சொல்லியிருந்தாள். வளைவில் வண்டி சாய்கிற பக்கமே சாய வேண்டும். ஓட்டுகிறவளின் கண் பாதையில் இருக்கும், ஆகவே மேலே பாறை உருளுகிறதா, பக்கத்தில் மண் சரிகிறதா என்று பார்த்துச் சொல்வது பின்னால் இருப்பவளின் வேலை. சொல்வதற்கு இரண்டு ஹெல்மெட்டிலும் பேசும் கருவி பொருத்தியிருந்தது.

ஊருக்கு வெளியே பெரிய சாலையில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு கேட்டிலிருந்து தண்ணீர் லாரி பின்னோக்கி வந்தது. ஹலோ அம்மா அதை முதலிலேயே பார்த்துவிட்டாள். உடனே கடமையைச் செய்தாள்.

"வணக்கம் சம்பந்தி. தொந்தரவுக்கு மன்னிக்கணும். இடது பக்கம் ஒரு தண்ணி லாரி ரிவர்ஸ்ல வர்ற மாதிரி தெரியுது. முடிஞ்சா கொஞ்சம்..."

அதற்குள் க்ளட்ச் அக்கா லாரியைப் பார்த்து, வண்டியை ஒடித்து, லாரிக்காரனின் பரம்பரையை விசாரித்துவிட்டு, அடுத்த முக்கையும் கடந்துவிட்டாள். "...நிறுத்துறீங்களா?" என்று ஹெல்மெட்டுக்குள் வந்து சேர்ந்தபோது அங்கே நிறுத்துவதற்கு ஒன்றுமில்லை.

ஓரமாக நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"சம்பந்தி, நீங்க பேசுறத நாள் முழுக்கக் கேட்டுக்கிட்டே இருக்கலாம். தேன். ஆனா மேலேருந்து உருள்ற கல்லு, நீங்க வணக்கம் சொல்லி முடிக்கிற வரைக்கும் கைகட்டி நிக்காது."

"நிறுத்துங்கன்னு மட்டும் சொல்லட்டுமா?"

"நிறுத்து. அவ்வளவுதான். 'ங்க' வேண்டாம். 'ங்க' வர்றதுக்குள்ள நாம பள்ளத்துல இருப்போம்."

"சம்பந்திய எப்படிங்க நான்..."

"அங்க நான் சம்பந்தி இல்ல. டிரைவர்."

"டிரைவரையும் நான் நீங்கன்னுதான் சொல்லுவேன்."

க்ளட்ச் அக்கா ஹெல்மெட்டை டேங்கின் மேல் வைத்தாள். இப்போது குரலில் விளையாட்டு இல்லை. "விளையாட்டா வந்துட்டோம்னு நினைக்காதீங்க. பையனைப் பெத்தவங்கள மலையில தள்ளிட்டு வந்துட்டான்னு நாளைக்கு ஒரு பேச்சு வந்தா, என் பொண்ணு மூஞ்சில நான் முழிக்க முடியாது. வர்ற ஞாயித்துக்கிழமை குவாரி ரோட்டுல ஏறுவோம். தேவைப்பட்ட நேரத்துல அந்தச் சொல்லு வந்தா கூட்டிட்டுப் போறேன். வரலன்னா, எப்பவும் போல நான் தனியாவே போயிட்டு வந்துடுறேன்."

வீடு வந்து சேர்ந்த ஹலோ அம்மா ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். விடுப்பு வாங்கியாயிற்று. மருத்துவமனையில் காவலாளி முதல் தலைமை மருத்துவர் வரை எல்லோருக்கும் சொல்லியாயிற்று. அதெல்லாம்கூடப் போகட்டும். துண்டு மலையின் உச்சிக்கு அந்தப் பொம்மை வண்டியை ஏற்றிய கைக்கு இனிமேல் என்ன சமாதானம் சொல்வது?

எழுந்து, கூடத்து மின்விசிறியைப் பார்த்து, "நிறுத்து!" என்றாள். சுலபமாக வந்தது. மிக்ஸியிடம் சொன்னாள். சொட்டுகிற குழாயிடம் சொன்னாள். கணவர் எதிரில் வந்து நின்று நெஞ்சை நிமிர்த்தினார்.

"எங்க, என்னைப் பார்த்துச் சொல்லு."

"நிறுத்து..." முகம் சிவந்தது. "...ங்க."

"ரெண்டெழுத்து கூடுதலா விழுந்துடுச்சு," என்றார் அவர், மாத்திரை எண்ணுகிற கறாரோடு.

மருமகள் தொலைபேசியில் உற்சாகம் தந்தாள். "அத்தை, எங்கம்மாவ அதட்டுறது ரொம்ப ஈஸி. ஒரே விஷயம், மூஞ்சியப் பார்க்கக் கூடாது. பார்த்தீங்கன்னா பயந்துடுவீங்க."

"பின்னாடிதானேம்மா உட்காரப் போறேன்?"

"அப்ப பாதி வேலை முடிஞ்சுது. மீதிப் பாதிக்கு, கல்யாணத்தப்ப அவங்க உங்க பட்டுப்புடவை மேல காபி கொட்டுனாங்கள்ல, அதை நினைச்சுக்குங்க."

"ஐயையோ, அது அவங்க வேணும்னு கொட்டலையே!"

"அத்தை, நீங்க தேறவே மாட்டீங்க."

பையன் போனைப் பிடுங்கினான். "அம்மா, என் மாமியாருக்கு ஏதாவது ஆச்சுன்னா இந்த வீட்டுல எனக்கு ஒரு வாய் சோறு கிடைக்காது."

"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"லைன் சரியில்லம்மா. அப்புறம் பேசுறேன்."

ஞாயிற்றுக்கிழமை குவாரி ரோடு வெறிச்சோடிக் கிடந்தது. பேருக்குத்தான் ரோடு. லாரிகள் உழுதுபோட்ட சரளைப் பாதை, ஒரு பக்கம் வெட்டப்பட்ட பாறை, மறுபக்கம் புதர் மண்டிய சரிவு. வண்டி ஏறத் தொடங்கியதும் ஹலோ அம்மாவின் வயிற்றுக்குள் யாரோ கிச்சுகிச்சு மூட்டினார்கள். வளைவு வந்தது. வண்டி சாய்ந்தது. அவளும் சாய்ந்தாள். வானம் ஒருபுறம் சரிந்து, மறுபடி நேரானது. இன்னொரு வளைவு. மூன்றாவது வளைவில் தன்னை அறியாமல் "ஊஊஊ" என்று ஊளையிட்டாள். வாழ்நாளில் அவள் யாருக்கும் மன்னிப்புக் கேட்காமல் எழுப்பிய முதல் சத்தம் அது.

"நல்லா இருக்கா?" என்று காதுக்குள் கேட்டது.

"ரொம்ப நல்லா இருக்குங்க சம்பந்தி!"

அப்போது ஒரு பள்ளம். வண்டி இறங்கி ஏறியது. அடியில் 'டங்' என்று ஒரு சத்தம் பல்வரைக்கும் ஏறியது.

"என்னங்க அது?"

"ஒண்ணுமில்ல, ரோடு சரியில்ல," என்றாள் க்ளட்ச் அக்கா அவசரமாக.

"ஆமாமா, ரோடுதான்," என்றாள் ஹலோ அம்மா அதைவிட அவசரமாக.

அடுத்த பள்ளத்திலும் 'டங்'. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

பேச்சை மாற்றத்தான் க்ளட்ச் அக்கா அந்தக் கதையை எடுத்தாள். பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலரேட்டரை மிதித்து நேராக முடிவெட்டும் கடைக்குள் காரை விட்ட ஒரு வங்கி மேனேஜரின் கதை. "உள்ள போய் நின்ன உடனே கடைக்காரர் கேக்குறாரு, கட்டிங்கா ஷேவிங்கான்னு..." சொல்லச் சொல்ல அவளுக்கே சிரிப்பு தாங்கவில்லை. தோள்கள் குலுங்கின. வண்டியும் லேசாகக் குலுங்கியது. முன்னால் புதர் மறைத்த ஒரு திருப்பம் வந்துகொண்டிருந்தது.

பின் இருக்கை முன் இருக்கையைவிட ஒரு சாண் உயரம். அந்த ஒரு சாண் உயரத்திலிருந்து, புதருக்கு மேலே, ஹலோ அம்மா அதைப் பார்த்தாள். திருப்பத்துக்கு அப்பால் பாதையில் பாதி இல்லை. மழை அரித்துக்கொண்டு போயிருந்தது.

வாய் திறந்தது. பழக்கதோஷத்தில் "வண" வரைக்கும் வந்தது. அதை அவள் அப்படியே விழுங்கினாள்.

"நிறுத்துடீ!"

பின்சக்கரம் கொஞ்சதூரம் வழுக்கிக்கொண்டே போனது. வண்டி நின்றது. திருப்பத்தின் வாயில், அரிப்புக்கு இந்தப் பக்கம். சில சரளைக் கற்கள் மட்டும் நிற்காமல் உருண்டுபோய், விளிம்பைத் தாண்டி, கீழே எங்கேயோ விழுகிற சத்தம் கேட்டது. அதன்பிறகு எந்தச் சத்தமும் இல்லை. எஞ்சின்கூட அணைந்திருந்தது.

க்ளட்ச் அக்கா இறங்கினாள். விளிம்புவரை நடந்துபோய் எட்டிப் பார்த்தாள். இடுப்பில் கைவைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள். மருமகள் எச்சரித்திருந்த முகம் அதுதான்.

"இப்ப என்ன சொன்னீங்க?"

"தப்புதான் சம்பந்தி. நிறுத்துன்னுதான் நினைச்சேன். அது... கூடவே ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு."

"என் புருஷன் இருந்த வரைக்கும் என்னை ஒரு தடவை 'டி' போட்டதில்ல."

"மன்னிச்சுடுங்க சம்பந்தி."

"எங்கம்மாகூட நான் வேலைக்குப் போன அன்னியோட நிறுத்திட்டாங்க."

ஹலோ அம்மா தலை குனிந்துகொண்டாள். பனி போயிற்று, ஆறு போயிற்று, கழுத்தில் மாட்டிய ஷூ போயிற்று என்று ஒவ்வொன்றாக மனதுக்குள் விடைகொடுத்தாள். அப்போது ஒரு விசித்திரமான சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். க்ளட்ச் அக்கா வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அது முழுக்கச் சிரிப்பினால்தானா என்று சொல்ல முடியவில்லை.

"இன்னொரு தடவ சொல்லு."

அந்த 'சொல்லு' ஹலோ அம்மாவின் காதில் விழுந்தது. அவள் அதைக் கவனமாக உள்ளே வைத்துக்கொண்டாள்.

"நிறுத்துடீ," என்றாள் மெதுவாக. அப்புறம் குவாரி முழுக்க எதிரொலிக்கிற மாதிரி, "நிறுத்துடீஈஈ!"

பாறை அதைத் திருப்பிச் சொன்னது. இரண்டு பெண்களும் சரளையிலேயே உட்கார்ந்து, விலா வலிக்கச் சிரித்தார்கள். "அந்தக் கடைக்காரர் கேட்டதுக்கு மேனேஜர் என்னதான் சொன்னாரு?" என்று கேட்டதற்கு, "முன்பக்கம் மட்டும் போதும்னாரு" என்று பதில் வந்தது. மறுபடியும் ஆரம்பத்திலிருந்து சிரிக்க வேண்டியதாயிற்று.

பயிற்சிப் பள்ளிக்குத் திரும்பியதும் க்ளட்ச் அக்கா வண்டியை நிழலில் நிறுத்தினாள். ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டு பின்சக்கரத்தின் அருகே குந்தினாள்.

"இப்பவாவது உண்மையச் சொல்லு. எவ்வளவு?"

"அறுபத்தொம்பது."

ஸ்பிரிங்கின் வளையத்தை ஒரு பல் இறுக்கினாள். நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி குனிந்து இன்னொரு பல். கொஞ்சம் யோசித்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அதற்கும் மேலே ஒன்று.

"ஏழு கிலோவுக்கா இவ்வளவு?" என்றாள் ஹலோ அம்மா.

"பேசாம இருடி," என்றாள் க்ளட்ச் அக்கா, தலையைத் தூக்காமல். "மிச்சம் என்னோடது."