ஆயிலியம் கழியும் வரைக்கும்

சுபாங்கிக்கு வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுக்க ரொறன்ரோ டொக்டர் குறித்த நாள் செவ்வாய்க்கிழமை காலை. அம்மா யாழ்ப்பாணத்துச் சாத்திரியாருக்குப் போன் எடுத்தாள். செவ்வாய் பின்னேரம் வரைக்கும் ஆயிலியம், பிறகுதான் மகம் என்றார் அவர்.

"ஆயிலியத்துப் பெட்டையை ஆர் கட்டுவினம்? புதனுக்கு மாத்துங்கோ" என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள். வயிற்றில் பிள்ளையின் துடிப்புக் குறைந்தால் உடனே வரவேண்டும் என்று சொல்லித்தான் டொக்டர் சம்மதித்தார்.

தங்கை நிரூபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள். கடற்சிங்கங்கள் ஈனும் காலத்தை எது தீர்மானிக்கிறது என்பதே அவளுடைய ஆய்வு.

"கடற்சிங்கத்தின்ர கரு மாசக்கணக்கா வளராமல் காத்துக் கிடக்கும் அம்மா. பகல் நீளத்தைப் பாத்து, தாய்க்குத் தீன் கிடைக்கிறதைப் பாத்துத்தான் பிறகு வளரும். மனிசப் பிள்ளை காத்திருக்காது."

"நீ உன்ர மீன்தின்னியளைப் போய்ப் பார். ஒரு நாள்தானே."

செவ்வாய் இரவு துடிப்புக் குறைந்தது. சுபாங்கி ஆஸ்பத்திரிக்குப் போகக் கேட்டாள். "போனா இண்டைக்கே வெட்டிப்போடுவாங்கள். ஆயிலியம் கழிஞ்ச உடனே கூடாது, விடியட்டும் பிள்ளை" என்று அம்மா அவளைச் சரித்துப் படுக்கவைத்தாள். ஆய்வுகூடத்தில் இருந்த நிரூபாவுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

புதன்கிழமை பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. தலை நிறைய மயிர்.

அடக்கம் முடிந்த பின்னேரம், வீட்டுப் படிக்கட்டில் இருந்துகொண்டு நிரூபா போனில் பஞ்சாங்கம் பார்த்தாள். சாத்திரியார் சொன்னது யாழ்ப்பாணத்து நேரம். அங்கே பின்னேரமென்றால் ரொறன்ரோவில் காலை. டொக்டர் குறித்த அந்தச் செவ்வாய் காலை இங்கே மகம் பிறந்துவிட்டிருந்தது. புதன்கிழமை இவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் அதுவும் கழிந்துவிட்டது. கடற்சிங்கம்கூடத் தான் கிடக்கிற கரையின் வெளிச்சத்தைத்தான் கணக்கெடுக்கும்.

அம்மாவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும் என்று விறுவிறென்று மேலே ஏறினாள்.

அறையில் அக்காவுக்குப் பால் கட்டிக் கல்லாய்க் கிடந்தது. அம்மா வீக்கம் வற்றக் குளிர்ந்த முட்டைக்கோவா இலைகளை அவள் மார்பில் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தாள்.

"நிரூ," என்றாள் சுபாங்கி, "பிள்ளை மகத்திலதானே பிறந்தவள்?"

அம்மா நிமிரவில்லை. நிரூபா கையிலிருந்த போனை அணைத்தாள்.

"ஓம் அக்கா. மகம்தான்."