அக்கத்து வீடு

1

"அம்மா, பக்கத்து வீடுன்னா தெரியும். அக்கத்து வீடு எது?"

இந்தக் கதை பிறந்தது இந்தக் கேள்வியில்தான். கேட்டவளுக்கு எட்டு வயது இருக்கும். நான் ஒரு கண்ணாடிக் கடையில் என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சுவரிலிருந்த எழுத்துகளெல்லாம் எறும்புகளாகத் தெரிய, உட்கார்ந்திருந்தேன். உள்ளே லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தின் முன் குனிந்திருந்த பெண், போனில் யாரிடமோ, "வீடு நல்லாத்தான் இருக்கு. அக்கம்பக்கம் எப்படின்னுதான் தெரியலை" என்றாள். முக்காலியில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்த மகள் உடனே கேட்டுவிட்டாள்.

"சும்மா இரு, வாலு" என்றாள் அம்மா. ஆனால் நிறுத்திய இயந்திரத்தை மறுபடி ஓடவிடாமல் சற்று யோசித்தாள். அந்த இடைவெளியில் கதை உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் நான் கட்டியது. கட்டியது என்பதால் பொய் என்று நினைக்க வேண்டாம்.

(வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். 'அக்கம்' என்பதற்குச் சில பொருள்கள் இருந்தன. ஒரு குழந்தையின் கையில் கொடுக்கிற மாதிரி ஒன்றுகூட இல்லை.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பேருந்து அந்த ஊருக்குள் நுழைந்தபோது மாலை வெயில் பொன்னை உருக்கி—"

அடித்துவிட்டேன். வீடு வாங்க வருகிறவர்கள் வெயிலையா பார்ப்பார்கள்? சுவரில் ஓதம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

அடுத்தது: "புதிய ஊரில் நல்ல குடியிருப்பைத் தேர்ந்தெடுக்க நாம் கவனிக்க வேண்டியவை என்னவென்றால்,"

இதுவும் வேண்டாம். தண்ணீர், சாக்கடை, பள்ளிக்கூடம், பேருந்து நிறுத்தம் என்று எழுதிக்கொண்டே போகலாம். எல்லாம் வேண்டியவைதான். ஆனால் குழந்தை கேட்டது வேறு.

3

ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன்.

கண்ணாடிக்காரிக்கு வேறோர் ஊரில் வேலை கிடைத்தது. (இனி அவளை இப்படியே அழைப்போம். குடிபோகிற தெருவிலும் அவளுக்கு இந்தப் பெயர்தான் நிலைக்கப்போகிறது.) புது ஊரில் தெரிந்த முகம் ஒன்றுகூடக் கிடையாது. கணவர் லாரி ஓட்டுபவர். மாதத்தில் பாதி நாள் நெடுஞ்சாலையில்தான் அவருடைய குடித்தனம். வாலு பள்ளிக்கூடம் விட்டு மூன்றரைக்கு வருவாள். அம்மா வர இருட்டிவிடும். நடுவே இருக்கும் அந்த நேரம் முழுவதும் பிள்ளை ஒரு பூட்டிய வீட்டுக்குள் தனியாக இருக்க வேண்டும். எந்த வீட்டைப் பார்த்தாலும் கண்ணாடிக்காரிக்குத் தெரிந்தது அந்த மாலை நேரம் மட்டும்தான். வாடகை வீடென்றால் ஒத்துவராதபோது மூட்டைகட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். வாங்கிய வீடு தப்பாகிப்போனால் தப்போடு சேர்ந்தே குடியிருக்க வேண்டும்.

புரோக்கர் இரண்டு வீடுகள் காட்டினார். முதல் வீட்டுத் தெருவில் வரிசையாக உயர்ந்த கேட்டுகள். எல்லாம் சாத்தியிருந்தன.

"மேடம், காத்து, தண்ணி, அமைதி. மூணும் கேரண்டி" என்றார் புரோக்கர்.

"இந்த அமைதி எப்பவுமா, இல்ல இன்னிக்கு மட்டுமா?" என்று கேட்டார் கணவர்.

"எப்பவும் சார். இங்க நாய்கூட யோசிச்சுதான் குரைக்கும்."

இரண்டாவது தெரு நேர் எதிர். ஒரு பக்கம் பஞ்சர் கடை, எதிரே சலவைக் கடை, மாடியில் யாரோ யாரையோ திட்டும் குரல். வீட்டுச் சுவரில் லேசாக ஓதம். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. "அடுத்த சனிக்கிழமை சொல்லிடுங்க சார். ரெண்டுக்குமே ஆள் நிக்குது" என்றார் புரோக்கர். இதைச் சொல்லாத புரோக்கரை நான் எந்தக் கதையிலும் சந்தித்ததில்லை.

வாலு இரண்டு தெருக்களுக்கும் அங்கேயே பெயர் வைத்துவிட்டாள். அமைதித் தெரு. சத்தத் தெரு.

4

இங்கேதான் கண்ணாடிக்காரி எனக்கு அடங்காமல் போனாள்.

நான் அவளைக் கோயிலுக்கு அனுப்புவதாக இருந்தேன். கண்ணை மூடி, கைகூப்பி, மனம் தெளிந்து திரும்புவாள் என்று ஒரு பக்கம் எழுதியும் வைத்திருந்தேன். அவள் போகவில்லை. வாலுவின் பையிலிருந்து பள்ளிக்கூட ஷூக்களை எடுத்தாள். சத்தத் தெருவில் விற்பனைக்கிருந்த வீட்டின் வெளிச்சுவர்மேல் வலது ஷூவை வைத்தாள். திரும்பிப்போய், அமைதித் தெரு வீட்டின் சுவர்மேல் இடது ஷூவை வைத்தாள்.

கணவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஏம்மா, ஒத்த ஷூவ எவன் திருடுவான்? திருடினா அவனைப் போலீஸ்ல பிடிச்சுக் கொடுக்கக் கூடாது. டாக்டர்கிட்டதான் கூட்டிட்டுப் போகணும்."

"நீங்க சும்மா வாங்க. கண்ணு டெஸ்ட் பண்ணும்போது ரெண்டு கண்ணையும் சேர்த்தா பாப்பாங்க? ஒண்ண மூடிட்டுத்தான் இன்னொண்ணு. ஒரே ஜோடி, தெருவுக்கு ஒண்ணு. எங்க பத்திரமா இருக்கோ அங்க வீடு."

"திங்கக்கிழமை நான் எதைப் போட்டுக்கிட்டு ஸ்கூலுக்குப் போவேன்?" என்றாள் வாலு.

அதை அம்மா யோசித்திருக்கவில்லை.*

* நானும்தான். வாலு அந்த வாரம் முழுக்கச் செருப்போடு போனாள் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியை ஒன்றும் கேட்கவில்லை. என் கதைகளில் ஆசிரியைகள் கொஞ்சம் நல்லவர்கள்.

5

அடுத்த சனிக்கிழமை புரோக்கரின் காரில் போனார்கள். வாரத்தின் நடுவே பெரிய மழை பெய்திருந்தது. அமைதித் தெருவைக் கடக்கும்போது வாலு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "இருக்கு! என் ஷூ அங்கேயே இருக்கு!" என்று கூவினாள். சத்தத் தெருவில் சுவர் காலியாக இருந்தது.

"முடிஞ்சுது" என்றார் கணவர். "முதல் வீட்டுக்கே அட்வான்ஸ் கொடுத்துடலாம்."

இந்த இடத்தில் கதையை நிறுத்தியிருந்தால் அது சின்னதாக, உருப்படியாக, முழுக்கத் தப்பாக இருந்திருக்கும்.

"அப்போ என் இன்னொரு ஷூ?" என்று வாலு உரக்கக் கேட்டாள். அந்தக் குரல் சலவைக் கடைக்குள் போனது. உள்ளேயிருந்து இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்கும் ஓசை. சலவைக்கடையம்மா வெளியே வந்தார். வந்தவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நேராக வாலுவின் கால்களைப் பார்த்தார்.

"நீதானாடி அது! ஒரு வாரமா இந்தத் தெருவுல போற பிள்ளைங்க கால எல்லாம் பாத்துப் பாத்து எனக்குக் கழுத்தே சுளுக்கிக்கிச்சு."

ஷூ ஓர் ஆணியில் தொங்கியது. துவைத்து, காயவைத்து, கயிற்றைக்கூட மாற்றியிருந்தார்.

"மழையில நாறிப்போயிரும்னு எடுத்தேன். பஞ்சர் கடைக்காரரு பள்ளிக்கூட வாசல் வரைக்கும் போய் விசாரிச்சுட்டாரு. ஒத்தக் கால்ல பிள்ளை எப்படிப் போச்சோன்னு எனக்குச் சோறே இறங்கலை. ரொம்ப அழுதியா கண்ணு?"

"நான் ஏன் அழணும்? அம்மாதான் வேணும்னே வெச்சாங்க. நீங்க எல்லாரும் நல்லவங்களான்னு பாக்க" என்றாள் வாலு.

கண்ணாடிக்காரிக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. கணவர் வானத்தில் எதையோ கவனமாகத் தேடினார். புரோக்கர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அது அடிக்கவே இல்லை.

சலவைக்கடையம்மா இடுப்பில் கை வைத்தார். "ஓகோ. பரீட்சையா? பாஸா, ஃபெயிலா?"

"மன்னிச்சிருங்கக்கா" என்றாள் கண்ணாடிக்காரி. "ஊருக்குப் புதுசு. இவ சாயங்காலம் தனியா இருக்கணும். அந்தப் பயத்துல..."

"பயந்தா வந்து கேக்குறது. வாய் எதுக்கு இருக்கு?" என்றார் சலவைக்கடையம்மா. சொல்லிவிட்டுச் சிரித்தார். "ஒரு வேலைக்கு ரெண்டு வேலை வெச்சுட்டியே, கழுத்துக்கு ஒத்தடம் நீதான் கொடுக்கணும்."

(மனிதர்களைச் சோதித்துப் பார்ப்பதைப் பற்றி இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன். நம்மைப் படைத்தவரே நம்மை இப்படிச் சுவரில் ஷூ வைத்துச் சோதிக்கவில்லை, நம்பித்தான் அனுப்பியிருக்கிறார் என்று போனது. சலவைக்கடையம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டதால் எடுத்துவிட்டேன்.)

6

இப்போது நீங்கள் முடிவுகட்டியிருப்பீர்கள்: சத்தத் தெரு அன்பானது, அமைதித் தெரு கல்நெஞ்சம் கொண்டது, அங்கே ஷூ கிடந்தால் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டு வந்தேன். அன்பானவர்கள் இரைச்சல் போடுவார்கள், மற்றவர்கள் கேட்டைச் சாத்திக்கொள்வார்கள் என்று எழுதுவது எளிது. படிப்பவர்களுக்கும் பிடிக்கும்.

ஆனால் இடது ஷூவை எடுக்கப் போக வேண்டுமே.

கண்ணாடிக்காரி காரிலிருந்து தனியாக இறங்கி நடந்தாள். கிட்டே போனபோதுதான் தெரிந்தது. ஷூ வைத்த இடத்திலேயே இருந்தது. அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை யாரோ கவிழ்த்திருந்தார்கள். கண்ணாடி மாதிரித் தெளிவான டப்பா. தேடி வருகிறவர் கண்ணுக்கு ஷூ தெரிய வேண்டும் என்று பார்த்து எடுத்தது போல. காற்றில் பறந்துவிடாமல் மேலே ஒரு கல். டப்பாவைத் தூக்கி, ஷூவுக்குள் கை விட்டுப் பார்த்தாள். ஷூ காய்ந்திருந்தது.

தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். எல்லாக் கேட்டுகளும் சாத்தியிருந்தன. யாருக்கு நன்றி சொல்வது? எந்த வீட்டு மணியை அடித்து, "நீங்களா?" என்று கேட்பது?

லென்ஸ் தேய்க்கிற தனக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று அப்போது அவளுக்குத் தோன்றியது. ஒரு கண்ணை மூடிப் பார்ப்பது பவரை அளக்க மட்டும்தான். நடக்க இரண்டு கண்ணும் வேண்டும்.

7

முடிவு அ: அவர்கள் அமைதித் தெருவிலேயே வாங்கி, ஒவ்வொரு கேட்டாகத் தட்டி, மெல்ல மெல்ல... இல்லை, இதற்கு ஒரு நாவல் வேண்டும்.

முடிவு ஆ: இரண்டு வீட்டையும் விட்டுவிட்டுப் பழைய ஊரிலேயே இருந்துவிட்டார்கள். இது கோழைத்தனம், அவளுடையது இல்லை, என்னுடையது.

காரில் நடந்தது இதுதான். அந்த முடிவை அவளே எடுத்தாள். நான் எழுத மட்டும் செய்தேன்.

"இப்ப என்ன சொல்ற? இடதா, வலதா? எது தெளிவாத் தெரியுது?" என்று கணவர் கேலி செய்தார்.

"எடுத்து வெச்சவங்களும் நல்லவங்க. மூடி வெச்சவங்களும் நல்லவங்க" என்றாள் அவள். "ஆனா நம்ம பிள்ளை ஒண்ணும் ஷூ இல்லைங்க. வெச்ச இடத்துல இருக்காது. ஓயாம கேள்வி கேக்கும். பதில் சொல்ல ஆள் வேணும்."

"சுவத்துல ஓதம் இருக்கே?"

"ஓதத்துக்குப் பெயிண்ட் இருக்கு."

சத்தத் தெருவில் வாங்கினார்கள். வாலுவின் மாலை நேரம் சலவைக் கடைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவே கழிகிறது. வீட்டுப் பாடத்தைவிட ட்யூப் ஒட்டுவதில் தேறியிருக்கிறாள். "கண்ணாடிக்காரி மகளுக்கு வாய் நீளம்" என்று தெருவே சொல்கிறது. கண்ணாடிக்காரி வேலையில் இருக்கும்போது இப்போது கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

8

இதோடு கதை முடிந்துவிட்டது என்று பேனாவை மூடப் போனேன். அவள் விடவில்லை.

குடிவந்து சில மாதங்கள் ஆன ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், முந்தின நாள் பலமாகக் காற்றடித்து ஓய்ந்திருந்தபோது, "கடைக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். கையில் பை இல்லை. நானும் பின்னால் போனேன். அவள் அமைதித் தெரு முனையில் திரும்பினாள். ஊரே உண்டு உறங்கும் நேரம். கேட்டுகள் எல்லாம் சாத்தியிருந்தன. வெளியே வரிசையாக வைத்திருந்த பூந்தொட்டிகள் காற்றில் சாய்ந்து, மண் கொட்டி, செடிகள் வேர் தெரியக் கிடந்தன. எந்த வீட்டு முன்னால் என்றால், அநேகமாக எல்லா வீட்டு முன்னாலும்.

அவள் நின்றாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்தாள்.

நான் எழுதினால் நான் ஒரு சாட்சி. நீங்கள் படித்தால் நீங்களும் ஒரு சாட்சி. ஆகவே தயவுசெய்து என்னோடு இந்த முனையிலேயே, தெருவுக்கு முதுகு காட்டி, கொஞ்ச நேரம் நில்லுங்கள். எவ்வளவு நேரம் என்று உங்களுக்கே தெரியும்.

.

.

.

திரும்பி வந்தபோது அவள் தெருமுனைக் குழாயைத் திறந்து, நகக்கண்ணிலிருந்த மண் போகும்வரை கை கழுவினாள். பிறகு குழாயைச் சொட்டாமல் இறுக்கி மூடிவிட்டு, கடைக்குப் போனாள்.