ராமப்பனின் அஞ்சலி எழுத்து

மூன்று ஆண்டுகளாக நிலத்தரகர் ராமப்பனின் பெயரை எந்த எழுத்துருவில் அடித்தாலும் அது சாவு எழுத்தில்தான் அச்சாகிறது. சூளகிரி அச்சகங்களில் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டிக்கென்று ஓர் எழுத்துருவை ஒதுக்கி வைத்திருப்பார்கள். தடித்த உடல், தரையைத் தேடித் தொங்கும் கால்கள். அதில் கல்யாணப் பத்திரிகை அடிக்க எந்தக் கடைக்காரருக்கும் கை வராது.

நெடுஞ்சாலையோரம் டி.டி.பி. கடை வைத்திருக்கும் ஜெபசீலிக்கு ஒரே ஒரு எழுத்தைக் காட்டினால் போதும். ழகரத்தின் வால் மடங்கும் விதத்தைப் பார்த்தே எழுத்துருவின் பெயரையும், அது கடைகளுக்கு வந்த வருடத்தையும் சொல்லிவிடுவாள். அவள் அப்பா சவரியப்பனின் ஒன்றரை ஏக்கர், புதிய தொழிற்பேட்டையை ஒட்டினாற்போல் இருந்தது. தரகர் கண்ணில் பட வேறென்ன வேண்டும். 1994-இலேயே சவரியப்பன் அதைத் தனக்கு விற்றுவிட்டதாக ராமப்பன் ஒரு பத்திரத்தை நீட்டினார். அதிலிருந்த ழகரம் 2009-இல்தான் பிறந்தது என்று ஜெபசீலி மனு எழுதிக் கொடுத்தாள். மனுவை வாங்கிய அதிகாரி சிரித்தார். "எழுத்துக்கு ஏதும்மா வயசு?" என்றார். ராமப்பன் நிலத்தைச் சுற்றி வேலி போட்ட மாதமே சவரியப்பன் படுத்தார், எழவில்லை.

அப்பாவின் சுவரொட்டியை ஜெபசீலியே வடிவமைத்தாள். அழுகை வரவில்லை, வயிறுதான் பற்றி எரிந்தது. அச்சுக்கு அனுப்புமுன், அப்பா பெயருக்குக் கீழே அதே சாவு எழுத்தில் ராமப்பனின் பெயரைத் தட்டினாள். கண் நிறையப் பார்த்துவிட்டு அழித்தாள். அது திரையிலிருந்து மட்டும்தான் அழிந்தது.

மறுநாள் திருவிழா பேனரில் பதினோரு பேரின் பெயர்கள் பளபளக்க, ராமப்பன் பெயர் மட்டும் செத்துக் கிடந்தது. மகள் சரிதாவின் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்த சம்பந்தி வீட்டார், மாலையோடு துக்கம் கேட்க வந்தார்கள். எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் கன்னடத்தில் அடித்துப் பார்த்தார். கன்னடக்காரர்களின் சாவு எழுத்தில் வந்தது. வாக்காளர் பட்டியலிலும் மருந்துச் சீட்டிலும் அப்படியே. செத்தவனிடம் யார் நிலம் வாங்குவார்கள்? தரகு நின்றது. ஒவ்வொரு செய்தியையும் கேட்டு, அன்றன்றைக்கு ஜெபசீலி வயிறாரச் சாப்பிட்டாள்.

கடைசியில் நிலத்தை அவள் பெயருக்கே எழுதிக் கொடுத்தார். அந்தப் பத்திரத்திலும் அவர் பெயர் அதே எழுத்தில்தான் இருந்தது. பதிவாளர் ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்தினார். அங்கிருந்து நேராக ராமப்பன் அவள் கடை வாசலில் வந்து நின்றார்.

"நெலத்ததான் குடுத்துட்டேனேம்மா. எம் பேர விட்டுரு."

"நெலம் வந்துருச்சுங்க. எங்கப்பா வரலீங்களே," என்ற ஜெபசீலி, அடுத்து நின்றவரின் ரேஷன் கார்டை வாங்கி ஜெராக்ஸ் எடுக்கத் திரும்பினாள்.

இப்போதெல்லாம் கடைக்காரர்கள், பார்வைக்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று அவர் பெயருக்கு முன்னால் 'அமரர்' சேர்த்துவிடுகிறார்கள். பிழை பார்க்கக் கொடுத்தால் ராமப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுக்கப் படிக்கிறார். எதையும் கோடு போட்டு அடிக்காமல் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தருகிறார்.