வாத்து கரையேறும் வாரம்

எங்கள் நார்வே தீவுகளில் ஈடர் வாத்துக்குக் கிடைக்கும் மரியாதை மனுஷனுக்குக் கிடைக்காது. குளிர்காலமெல்லாம் வெளிக்கடலில் கிடந்துவிட்டு, ஏப்ரல் கடைசியில் கூட்டமாக வந்து கரையோரம் மிதக்கும். ஆபத்தில்லை என்று நம்பினால்தான் மேலேறும். அந்த வாரம் நாயை அவிழ்க்கமாட்டோம், விறகு பிளக்கமாட்டோம், படகு மோட்டாரைத் தொடவேமாட்டோம். வாத்துகளுக்கென்றே கட்டிய குட்டிக் கல்வீடுகளில் காய்ந்த கடற்பாசியைப் பரப்பி வைத்திருப்போம். முட்டையிட்டதும் வாத்து தன் மார்பிலிருந்து பிடுங்கி விரிக்கும், மெத்தைக்கு நல்ல விலைபோகும் மென்தூவிதான் எங்கள் பிழைப்பு. பக்கத்து வீட்டு எட்வினுக்கோ வாத்துப் பைத்தியமே பிடித்திருந்தது.

அவன் மனைவி தூர்குனுக்கு அந்த வாரம் பார்த்துத்தான் வலி எடுத்தது. மருத்துவச்சி இருப்பது பெரிய தீவில். நான் அவளைத் தாங்கிக்கொண்டு படகில் உட்கார்ந்தேன். எட்வின் துடுப்பை எடுத்தான்.

“மோட்டாரைப் போடுங்க,” என்றாள்.

“கொஞ்சம் பொறுத்துக்கோ. அங்க பாரு, கரையேற இப்பவோ அப்பவோன்னு நிக்குதுங்க. தீவு முனை தாண்டினதும் போட்டுடறேன்.”

“அடப்பாவி, உனக்குப் புள்ள முக்கியமா, வாத்து முக்கியமா?” என்றேன் நான்.

“மெதுவாப் பேசுக்கா,” என்றான்.

நீரோட்டம் எதிர்த்தது. தூர்குன் என் கம்பளிச் சட்டையைக் கடித்து அலறலை அடக்கினாள். அவளும் இந்தத் தீவுக்காரிதானே. முனைக்கு இப்பாலேயே பிள்ளை கால்முதலாக வந்து, தலை சிக்கிக்கொண்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் செய்து பார்த்தேன். ஆண் குழந்தை. அழவேயில்லை. முனை தாண்டியதும் எட்வின் சொன்னபடி மோட்டாரைப் போட்டான்.

பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவன், நேரே கல்வீடுகளை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவள் கட்டிலருகே வந்தான்.

“ஒரு வீடுகூட காலியில்ல, தூர்குன்.”

ஆறுதல் சொல்கிறானாம், மடையன். எனக்கு அவனை அறையலாம்போல் இருந்தது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த ஏப்ரலிலும் வாத்துகள் வந்து மிதந்தன. முதல் பெட்டை பாறையில் கால் வைக்கும் நேரம், தூர்குன் தனியாகப் படகை மெல்லத் துடுப்பிட்டுக் கூட்டத்துக்கு நடுவே கொண்டுபோனாள். பிறகு மோட்டாரைக் கிளப்பினாள். கடலே கிழிந்ததுபோல அத்தனையும் ஒன்றாக எழும்பின. அவள் விடவில்லை. கடைசி வாத்தும் வெளிக்கடலுக்குப் பறக்கும்வரை சுற்றிச் சுற்றி வந்தாள்.

எட்வின் கரைக்கு ஓடிவந்தான். கைகளை வீசினான், மார்பில் அடித்துக்கொண்டான், வாயையும் அகலத் திறந்தான். ஆனால் கத்தவில்லை. கத்தினால் வாத்துகள் மிரண்டுவிடுமாம்.